புளி போட்டுத் தேய்த்த தவலை

1

ஆகஸ்டு மாதத்தில் கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறேன் என்று ஆவூர்ப் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளெல்லாம் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிற மாதம் அது. கீரனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆடி மாசத்துல என்னங்க கோட லீவு? வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லையம்மா, இங்கிலாந்தில் வெயில் அடிப்பதே இப்போதுதான், அதை வீணாக்கக் கூடாதென்று ஊருக்கே லீவு விடுவார்கள் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

நான் பார்க்கும் வேலையை விளக்குவது அதைவிடச் சிரமம். பழம்பொருள்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. வசந்தகாலம் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஊர் ஊராகப் போவோம். ஏதாவது ஒரு பழைய மாளிகையின் புல்வெளியில் மேசை போடுவோம். மக்கள் தங்கள் வீட்டிலிருக்கும் பழைய சாமான்களைப் போர்வையில் சுற்றி, கடைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து, என்ன, எந்தக் காலத்தது, என்ன விலை போகும் என்று கேமரா முன்னால் சொல்வார்கள். நான் கேமரா முன்னால் வருகிறவள் இல்லை. வெள்ளி, பித்தளை, செம்பு எல்லாம் முதலில் என் மேசைக்கு வரும். பொதியைப் பிரித்து, புரட்டிப் பார்த்து, யாரிடம் அனுப்ப வேண்டுமென்று முடிவு செய்வது என் வேலை. ஏலக் கூடம் ஒன்றில் சாமான்களைப் பொதிந்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, கண்ணும் கையும் பழகி இந்த இடத்துக்கு வந்தேன்.

என் அண்ணன் சவரிமுத்து இதை ஊருக்குச் சுருக்கமாகச் சொல்லி வைத்திருக்கிறார். "பழைய சாமான் கடையில வேலை பாக்குது. கடை ஊர் ஊராப் போகும். பேரீச்சம்பழம் மட்டும் குடுக்க மாட்டாங்க." குவைத்தில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து இப்போது டிராக்டர் வைத்திருப்பவர். வெளிநாட்டு வேலை எதுவாக இருந்தாலும் அவருக்கு ஆச்சரியமே கிடையாது.

என் மேசையில் நாள் முழுக்க நான் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். பழைய உலோகத்தின் மேல் வருஷக் கணக்கில் படிகிற கறுப்பும் பழுப்பும்தான் அதன் வயசுக்கு அத்தாட்சி. எங்கள் தொழிலில் அதைக் கண்ணை இமை காப்பதுபோலக் காப்போம். ஒரு தடவை தேய்த்துவிட்டால் போனது போனதுதான். தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிறவர்களைப் பார்த்தாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

2

இந்த முறை ஊருக்குப் போனது அம்மாவின் மூன்றாம் வருஷ நினைவுத் திருப்பலிக்காக. அம்மா இறந்த சமயம் நான் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைத் தோட்டத்தில் யாருடைய வீட்டுக் கெண்டியையோ புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கடைசி ஒரு வருஷம் அம்மா படுக்கையில்தான் இருந்தார். குளிப்பாட்டியது, தலை சீவிவிட்டது, சோறு ஊட்டியது எல்லாம் அண்ணன் மனைவி அற்புதம் மதினி. இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் கடன் தீர்ந்த மாதிரி இருக்காது.

கிளம்புவதற்கு முன் எங்கள் குழுவில் ஒரு யோசனை வந்திருந்தது. விடுமுறை முடிந்து திரும்பும்போது குழுவில் வேலை செய்பவர்களே தங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும், அதைப் பற்றிக் கேமரா முன் பேச வேண்டும் என்று. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அம்மாவின் செம்புத் தவலை. மடியில் வைத்துக்கொள்கிற அளவு. கல்யாணத்துக்கு அம்மாவின் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். கழுத்தில் 'ஞானம்மாள்' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அம்மாவுக்குப் பிறகு பரண் மேல் ஏறிய அது, போன முறை பார்த்தபோது காப்பிக்கொட்டை நிறத்தில் கறுத்து, அங்கங்கே செம்பின் சிவப்பு தெரிய, எங்கள் நிபுணர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிற பதத்தில் இருந்தது.

மதினிக்குப் போன் போட்டேன்.

"பரண்ல அம்மாவோட தவலை இருக்குல்ல மதினி, அத எறக்கி வைங்க. டிவியில காட்ட எடுத்துட்டுப் போகணும்."

"லண்டன் டிவிலயா?"

"ஆமா. ஒண்ணும் செய்யாதீங்க, அப்படியே வச்சிருங்க. சிரமப்பட வேணாம்."

"சரி செலினு, நான் பாத்துக்கிறேன்."

நான் நிம்மதியாகப் போனை வைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் வெளியூரில் இருந்தால் சொந்த ஊரின் அகராதி கொஞ்சம் மறந்துபோகும் போலிருக்கிறது. எங்கள் பக்கம் விருந்தாளி 'ஒண்ணும் செய்யாதீங்க' என்றால், கோழி அடிக்க வேண்டும் என்று பொருள். 'காப்பி வேணாம், இப்பத்தான் குடிச்சேன்' என்றால் டம்ளரைக் கழுவ ஆரம்பிக்க வேண்டும். வேண்டாம் என்பது வேண்டியவர்கள் காட்டும் மரியாதை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்களைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசும். இங்கிலாந்தில் வேண்டாமென்றால் வேண்டாம், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு பிஸ்கட் கூட நகராது. நான் இங்கிலாந்துக் கணக்கில் சொன்னேன். மதினி ஆவூர்க் கணக்கில் கேட்டுக்கொண்டார்.

3

மகள் ரூத்தும் வந்திருந்தாள். பள்ளிப்படிப்பு முடிந்து செப்டம்பர் கடைசியில் வேறு ஊரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். கொஞ்ச நாளாகவே வீட்டில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. சாப்பிட்டாயா, வேண்டாம். பெட்டி அடுக்க வரட்டுமா, வேண்டாம். கல்லூரியில் கொண்டுவந்து விடட்டுமா, வேண்டாம், ரயிலில் போய்க்கொள்கிறேன். அவள் அங்கே பிறந்தவள். அவளுடைய வேண்டாம் அசல் வேண்டாம். அதை மீறி எதையாவது செய்தால் கோபம் வரும், செய்யாமலிருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது, எழுத்து தெரியாது. வந்த முதல் நாள் மதினி இட்லி வைத்தபோது 'நோ, ஐ ஆம் ஃபைன்' என்றாள். மதினி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இன்னும் இரண்டு வைத்தார். ரூத் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். நாலாம் நாள் அவளே தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் திட்டு கிடைத்தது. மதினி தண்ணீர் கொடுத்தால் வாய் தானாக 'தேங்க்ஸ்' என்று சொல்லிவிடும். "என்னத்துக்குச் சும்மா சும்மா தேங்ஸு? நான் என்ன கடைக்காரியா?" என்பார். நாக்கைக் கடித்துக்கொள்வேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி சொல்வேன்.

திருப்பலிக்கு மறுநாள் அண்ணனும் நானும் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். அம்மா பெயரிலிருந்த சிறு நிலத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். என் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, அம்மாவின் ரேஷன் கார்டில் வேறு மாதிரி. அங்கிருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நீங்க இந்தியாவுல இருக்கீங்களா, இல்லீங்களாம்மா?" என்றார்.

"இப்ப இருக்கேன் சார்."

"இப்ப இருக்கீங்க, அது எனக்கும் தெரியுது. எப்பவும்?"

அண்ணன் இடையில் புகுந்து, "எழுதுங்க சார், இருந்தும் இல்லாத மாதிரி," என்றார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது ரூத் பின்கட்டில் மதினியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, நகக்கண்ணில் கறுப்பு. என்ன செய்தாய் இன்றைக்கு என்று கேட்டேன். "நத்திங். அத்தைக்கு ஹெல்ப்," என்றாள். அத்தையும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஏதோ சமையல் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி அவள் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

4

கிளம்புகிற அன்று காலையில் மதினி ஒரு புதுத் துண்டில் எதையோ சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தார். என் முன்னால் வைத்துத் துண்டை விலக்கினார்.

தவலை தகதகத்தது. அப்போதுதான் உலையிலிருந்து எடுத்த மாதிரி ரோஜா நிறச் சிவப்பு. கறுப்பு ஒரு பொட்டு இல்லை. அதில் என் முகம் தெரிந்தது. முகத்தில் என்ன தெரிந்ததோ அதை மதினியும் பார்த்திருப்பார்.

"ஐயோ மதினி," என்றேன்.

 அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அடியேய், ஒண்ணும் செய்யாதன்னு அது படிச்சுப் படிச்சுச் சொன்னுச்சே!" என்றார்.

"அது மொறைக்குச் சொல்லுதுன்னுல்ல நெனச்சேன்." மதினியின் குரல் இறங்கிப்போனது. "ஊரு ஒலகமே பாக்குற டிவியில நம்ம அத்தை சாமான் அழுக்காவா போய் நிக்கும்? பாக்குறவுக என்ன நெனப்பாக? மருமக ஒழுங்கா வச்சிருக்கலன்னு சொல்ல மாட்டாகளா?"

"பரவால்ல மதினி. ஒண்ணுமில்ல," என்றேன்.

எங்கள் ஊரில் பரவால்ல என்றாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அது மதினிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "தேய்ச்சா கெட்டுப்போயிருமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அண்ணன், "அதோட வேலையே அதானடி, தேய்க்காதன்னு சொல்றதுதான்," என்று முடித்து வைத்தார். மதினி உள்ளே போய் இட்லிப் பானையைத் திறந்தார். சாப்பாடு போட்டார், புளியும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுத்தார், ரூத்தைக் கட்டிக்கொண்டார், என்னிடம் "பாத்துப் போ" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. ரூத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மதினி அவள் கையை அழுத்தினார்.

திருச்சி விமான நிலையத்தில் பையைச் சோதித்த அதிகாரி தவலையை வெளியே எடுக்கச் சொன்னார்.

"புதுசாம்மா? பில் இருக்கா?"

"பழசு சார். எங்க அம்மா கல்யாணச் சீரு."

"பழசுங்கிறீங்க, இப்படி மின்னுது?"

"எங்க மதினி தேய்ச்சது."

அவர் தவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுக்கும் வந்து ஒரு கை பாக்கச் சொல்லுங்க," என்று சிரித்தபடி பையில் திரும்ப வைத்தார். பழைய கறுப்போடு வந்திருந்தால் இது எந்தக் காலத்தது, எந்தக் கோயிலுடையது என்று ஆயிரம் கேள்வி வந்திருக்கும். இதை மதினியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

5

வேலை தொடங்கிவிட்டது. காலையில் ஒரு ஊர், மறுநாள் வேறு ஊர், எல்லா விடுதியிலும் ஒரே மாதிரி கெட்டில், ஒரே மாதிரி திரைச்சீலை. விடுமுறைக்குப் பிறகு முதல் நாள் மேசைக்குப் பின்னால் நின்றபோது பழைய செருப்பில் கால் நுழைகிற மாதிரி சுகமாகத்தான் இருந்தது. ஒரு முதியவர் தன் மனைவியின் தேநீர்க் கெண்டியைக் குழந்தையைப்போலத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தேய்க்காதீர்கள் என்றேன். சொல்லும்போது மதினியின் முகம் நினைவுக்கு வந்தது.

ஞாயிறுதோறும் ஊருக்கு வீடியோவில் பேசுவது வழக்கம். அண்ணன் போனை எடுத்ததும் மதினி அதைப் பிடுங்கிக்கொள்வார், பாதி நேரம் திரையில் அவர் காது மட்டும்தான் தெரியும். இப்போது அண்ணன் மட்டும் வந்தார்.

"மதினி எங்கண்ணே?"

"மாட்டுக்கிட்ட நிக்கிறா."

அடுத்த வாரம் கோயிலுக்குப் போயிருந்தார். அதற்கடுத்த வாரம் தலைவலி. நானும் ஆவூர்க்காரிதானே, எனக்குப் புரியாதா? கடைசியில் அண்ணனே திண்டாடி உண்மையைச் சொன்னார். மதினி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனைக் கொடுத்து, பழைய சாமான்களைத் தேய்ப்பது பற்றித் தேடச் சொல்லியிருக்கிறார். அதில் யாரோ ஒருவர், பழசைத் தேய்த்தால் அதன் மதிப்பே போய்விடும், அது ஒரு கொலைக்குச் சமம் என்கிற மாதிரி பேசியிருக்கிறார். மதினி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லையாம்.

"அத்தைன்னு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சாமான், அதையும் நானே அழிச்சுட்டேன், செலினு மூஞ்சில எப்படி முழிப்பேன்னு அழுவுறா. நான் என்ன சொன்னாலும் ஏற மாட்டேங்குது. வேலைக்கு ஒனக்கு எதுவும் கொறச்சல் வந்துருமான்னு வேற கேக்குறா."

அழுகை வந்துவிட்டது எனக்கு. என் அம்மாவின் உடம்பைக் கடைசிவரைக்கும் துடைத்துவிட்ட கை அது. ஒரு செம்புப் பாத்திரத்துக்காக மதினி என் முகத்தைப் பார்க்கக் கூச வேண்டுமா? போனை மதினியிடம் கொடுங்கள் என்றேன். அண்ணன் போனோடு பின்கட்டுக்குப் போனார். வாளியும் கதவும் துணிக்கொடியும் தெரிந்தன. மதினி அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தார்.

6

தவலை இங்கிலாந்தில், எங்கள் லீட்ஸ் வீட்டில் துண்டோடு அலமாரிக்குள் கிடந்தது. படப்பிடிப்புக்கு வேறு ஏதாவது எடுத்துப்போகலாம் என்று முடிவு செய்திருந்தேன். என் கணவர் சர்ச்சுக்குப் போகும்போது கட்டும் பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பையில் வைத்ததை ரூத் பார்த்துவிட்டாள்.

"அம்மாச்சி பாட் ஏன் எடுக்கல?"

தேய்த்துவிட்டார்களே, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றேன். அவள் மேசையருகே வந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாதி நான்தான் தேய்த்தேன். நீயும் மாமாவும் ஆபீஸுக்குப் போன அன்றைக்கு. தேய்க்கக் கூடாதென்று எனக்குத் தெரியும், உன் மகளுக்குத் தெரியாமலா இருக்கும்? அத்தை கொஞ்சம் புளியை என் கையில் வைத்து, இங்கிட்டு உன் பக்கம், அங்கிட்டு என் பக்கம் என்று சொன்னாள். அவள் எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்தாள், அம்மா. நான் விருந்தாளி இல்லை என்கிற மாதிரி. என்னால் நிறுத்த முடியவில்லை."

பெயர் வெட்டிய புள்ளிகளுக்குள் புளி அடைத்துக்கொண்டதாம். மதினி வேப்பங்குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்து ஒவ்வொரு எழுத்தாக எடுக்கச் சொல்லியிருக்கிறார். எடுக்க எடுக்க எழுத்தின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ரூத் மேசை மேல் விரலால் 'ஞா' எழுதிக் காட்டினாள். சுழி தப்பவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எத்தனையோ வருஷம் காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், வராத எழுத்து.

"கிளம்பும்போது நான் சொல்ல வந்தேன். அத்தை கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். உனக்கு என் மேல் கோபம் வரக் கூடாதென்று."

கைக்கடிகாரத்தை எடுத்து இழுப்பறையில் வைத்தேன். தவலையைத் துண்டோடு பையில் வைத்தேன்.

படப்பிடிப்பு நாளன்று மழை வந்து எங்களைக் கூடாரத்துக்குள் தள்ளியது. மார்ட்டின் எங்கள் குழுவில் உலோகங்களுக்கான நிபுணர், என் மேசையிலிருந்து போகிற பொருளெல்லாம் அவரிடம்தான் போகும். கேமரா ஓட, துண்டை விலக்கினேன். அவர் புருவம் மேலே போனது.

"இதைத் தேய்த்திருக்கிறார்கள்."

"ஆமாம். என் அண்ணன் மனைவியும் என் மகளும்."

அவர் விரலால் தடவிக்கொண்டே வந்து வயிற்றுப் பக்கம் ஒரு நெளிசலில் நின்றார். இது என்ன என்றார். தெருக்குழாயில் வரிசைச் சண்டை வந்து, அம்மா கோபத்தில் தவலையை நங்கென்று தரையில் வைத்த இடம் அது. அதைச் சொன்னதும் கூடாரத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மார்ட்டின் சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்கள் அம்மா இதைக் கறுப்பாகத்தான் வைத்திருந்தாரா?"

இல்லை என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அம்மா கிணற்றடியில் இதைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மறுநாள் பூசைக்கு முன்னால் வீட்டில் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் அவருக்கு. அம்மா எழுந்து நடமாடியவரை இந்தத் தவலை ஒரு வாரம்கூடக் கறுத்ததில்லை. நான் பத்திரப்படுத்த நினைத்த கறுப்பு அம்மாவுடையது இல்லவே இல்லை. அது அம்மா போன பிறகு பரணில் சும்மா கிடந்த மூன்று வருஷம். தொழில் புத்தி கண்ணை மறைத்து, அதைப்போய் அம்மாவின் ஞாபகம் என்று கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மதினி அந்த மூன்று வருஷத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, அம்மா வைத்திருந்த மாதிரியே என் கையில் கொடுத்திருக்கிறார்.

இதை எந்த ஆங்கிலத்தில் சொன்னேனோ தெரியாது. இலக்கணமெல்லாம் மழையோடு போயிருக்கும். மார்ட்டின் தவலையைத் துண்டில் வைத்து, துண்டின் நுனியால் தன் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார். விலை எதுவும் சொல்லவில்லை.

7

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாக இன்னும் பல மாதம் ஆகும். அதுவரை மதினியை விட்டுவைக்க முடியாது. அண்ணன் வழியாகச் சமாதானம் சொல்லி அனுப்பினால் எடுபடாது என்பதும் தெரியும். 'பரவால்ல' என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் மதினி அதை ஆவூர்க் கணக்கில்தான் கேட்பார்.

ரூத் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. படப்பிடிப்பில் பத்துப் பேர் கைபட்டு, இந்த ஊர் ஈரமும் சேர்ந்து, தவலை அங்கங்கே மங்கியிருந்தது. அதைச் சமையலறைத் தொட்டியில் வைத்தேன். போனை ஜன்னலில் சாய்த்து வைத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்ன சத்தம் அங்க?" என்றார் அண்ணன்.

"தவலையத் தேய்க்கிறோம்ண்ணே. அம்மாவுக்கு சனிக்கிழம, எங்களுக்கு ஞாயித்துக்கிழமதான் தோது."

ரூத் கையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். நான் புளி பாட்டிலைத் திறந்து கரண்டியால் எடுத்து மேலே பூசினேன். வேண்டுமென்றே செய்தேனா என்றால், கொஞ்சம் வேண்டுமென்றேதான். அண்ணனுக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்பு வந்து நின்றது. நான் பார்க்காத மாதிரி தேய்த்தேன். ரூத் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள்.

"அந்தப் பாட்டிலு என்னன்னு கேளுங்க," என்றது தலைப்பு.

"என்ன பாட்டிலுன்னு கேக்குறா," என்றார் அண்ணன்.

"புளி பேஸ்ட். கடையில வாங்குனது."

"அடக் கொடுமையே! நான் கட்டிக் குடுத்த புளி எங்க?"

"அது நல்ல புளி மதினி. கொழம்புக்கு வச்சிருக்கேன்."

அவ்வளவுதான். போன் குலுங்கியது. அண்ணனின் முகம் போய் ஒரு காது வந்தது, காது போய் மதினியின் முகம் முழுசாக வந்தது. "அந்தப் பாட்டில மொதல்ல மூடு. செலினு, ஒனக்குத்தான் புத்தியில்ல, ரூத்து ஒனக்கு எங்கடி போச்சு? வட்டமாத் தேய்க்கணும்னு சொன்னேன்ல? குறுக்க இழுத்தா கோடு விழும். அந்தப் பச்ச நாரத் தூக்கி எறி. எங்கிட்டுப் பாக்குற? கழுத்துக்கிட்ட பாரு, அங்கதான் கறுப்பு நிக்கிது."

ரூத் தலையாட்டிக்கொண்டே வட்டமாகத் தேய்த்தாள். "அத்தை, இங்கிட்டு ஓகே?"

"இன்னங் கொஞ்சம் அழுத்து. ம், அப்படித்தான் என் தங்கம்."

விமான நிலையத்து அதிகாரி சொன்னதை அப்போதுதான் சொன்னேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கெட்டுப்போகலயா அது?" என்றார், குழந்தை மாதிரி.

"கறுப்பா இருந்தது அம்மா இல்லாம இருந்தது மதினி. இப்பத்தான் அம்மாவோடது மாதிரி இருக்கு."

மதினி திரைக்குக் கிட்டத்தில் வந்து தவலையைப் பார்த்தார். பிறகு, "ஈரம் நிக்க விடாதீங்க, துணி போட்டுத் தொடைங்க, புள்ளி விழுந்துரும்," என்றார். ரூத் துடைத்து, 'ஞானம்மாள்' தெரியும்படி தவலையைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இதை என்னோடு ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை, அத்தையைக் கேட்டாள். அத்தை சரி என்றார். இவ்வளவு கனத்தை ரயிலில் தூக்க முடியாது, அதனால் காரில் நான் கொண்டுவந்து விடலாம் என்றும் அவளே சொன்னாள்.

 சொல்லக் கூடாத அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

"தேங்க்ஸ் மதினி."

"என்னத்துக்குடி தேங்ஸு?" ஒரு மாசத்துக்கு மேல் நான் ஏங்கிக் கிடந்த குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "நான் என்ன கடைக்காரியா?"